புதுப்பிப்பு: ஓஇடி ரீடிங்கில் 350 தாண்டிவிட்டேன்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு ஓஇடி. போன முறை அதன் ரீடிங் (வாசிப்பு) பகுதியில் 320தான் வந்தது, எப்படித் தேறுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பிரிட்டனில் நர்ஸாகப் பதிய அதில் 350 வேண்டும். நேற்று ரிசல்ட் வந்தது: 370! வழி சொன்ன அக்கா, அண்ணன் எல்லாருக்கும் மனசார நன்றி.

நான் சறுக்கிய இடம் ரீடிங்கின் பார்ட் ஏ. நாலு பத்திகள், 20 கேள்விகள், 15 நிமிடம்தான். முன்பு நாலையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கேள்விக்கு வருவேன். இந்த முறை தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு நேராகக் கேள்விக்குப் போனேன். விடையில் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை, அதனால் பத்தியைப் பார்த்தே எழுதினேன்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். 'அட்மினிஸ்டர்' என்றால் நிர்வகிப்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். வார்டில் அது மருந்து கொடுப்பது. 'டிஸ்சார்ஜ்' நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது, புண்ணில் வடிவதும் அதேதான். இப்படி ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதினேன், பெரும்பாலும் நைட் டியூட்டி இடைவேளையில். அதுதான் என்னைக் கரையேற்றியது என்று உறுதியாகச் சொல்வேன்.

பார்ட் சி எனக்கு இன்னும் கஷ்டம்தான். எழுதியவரின் கருத்தைக் கேட்கும் கேள்விகளில் 'மே' (may), 'சீம்ஸ்' (seems) போன்ற, உறுதியாகச் சொல்லாத சொற்களை அடிக்கோடிட்டது கொஞ்சம் உதவியது.

நோட்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், போட்டோ எடுத்துப் போடுகிறேன்.