புதுப்பிப்பு: வான் வண்டியின் கூரையில் 200 வாட் சோலர் பனல், ஒரு நாளைக்கு எவ்வளவு ஏற்றும்?

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது: வான் கூரையில் படுக்கையாகப் பூட்டிய 200 வாட் பனல், 12 வோல்ட் பற்றரிக்கு ஒரு நாளில் எவ்வளவு ஏற்றும்?

கைகொடுத்தது, "வாட்டை 5 மணி வெயிலால் பெருக்கி, அதில் 70 வீதத்தை மட்டும் நம்புங்கோ" என்று பதில் தந்த ஓர் அண்ணையின் கணக்குத்தான். 200 × 5 × 0.7 = 700 வாட்-மணி. ஏறும்போது பற்றரி 13 வோல்ட் அளவில் நிற்கும்; அதால் பிரித்தால் ஏறக்குறைய 54 அம்பியர்-மணி. கொழும்பு வெள்ளவத்தையில் வானம் வெளித்த நாட்களில் மீற்றர் 50ஐ ஒட்டிக் காட்டுகிறது. மழை மூட்டம் என்றால் பாதிகூட வராது.

கழித்த அந்த 30 வீத இழப்பில் பெரிய பங்கு சூட்டுக்கு. பனலின் சூடு 25 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 வீதம் குறையும். நண்பகலில் அது தோசைக்கல்தான். கீழே காற்றுப் போக இடைவெளி விட்டது கொஞ்சம் உதவியது. சிலர் சரித்துப் பூட்டச் சொன்னதைச் செய்யவில்லை. 7 பாகை அகலக்கோட்டில் நண்பகல் வெயில் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே இருப்பதால் அந்த மினக்கேடு தேவையில்லை.

எதிர்பாராதது ஒன்று: பின்னேரம் நல்ல வெயிலிலும் கரண்ட் 2 அம்பியருக்கு விழுந்தது. பனல் பழுதில்லை, பற்றரி நிறைந்து, மேலும் கரண்டை வாங்காமல் விட்டது! பிரிட்ஜைப் போட்டதும் 6க்கு ஏறியது. பனலை அளப்பதென்றால் பற்றரி நன்றாக இறங்கியிருக்கும்போது அளந்து பாருங்கள்.