போரோடினோவில் ஒரே நாளில் 200 பேருக்குக் கை காலை எடுத்தாரா லாரே?

மழைக்குருவி:
நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் லாரே பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1812 செப்டம்பர் 7, ரஷ்யாவில் போரோடினோ சண்டை. 24 மணி நேரத்தில் சுமார் 200 பேருக்குக் கையையோ காலையோ எடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டால் தூங்காமல் கொள்ளாமல் ஆளுக்கு ஏழு நிமிஷம் சொச்சம். மயக்க மருந்தும் கிடையாது, ஈதர் வந்ததே 1846இல்தான். இது நடக்கிற காரியமா? அப்புறம், கொஞ்சம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய கால்களையும் சேர்த்து வெட்டித் தள்ளிவிட்டாரோ என்றும் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:
நடக்கும். தொடையில் பட்டையைக் கட்டித் திருகி ரத்தத்தை நிறுத்துவார்கள். கத்தியால் சுற்றி அறுத்து, தசையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு எலும்பை ரம்பத்தால் அறுப்பார்கள், அப்போதுதான் எலும்பு முனை வெளியே துருத்தாது. பிறகு ரத்தக்குழாய்களை நூலால் கட்ட வேண்டும். பழகின கைக்குச் சில நிமிஷ வேலை. ஆளை அமுக்கிப் பிடிக்கவும் கட்டுப் போடவும் உதவியாளர்கள் இருந்தார்கள். மயக்க மருந்து இல்லாததால்தான் அவ்வளவு வேகம் தேவைப்பட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. 'காய்ச்சல் அடங்கட்டும், பிறகு வெட்டலாம்' என்று சொன்ன வைத்தியர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். லாரே அதற்கு நேர் எதிர்க்கட்சி, வெட்டுவதென்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் வெட்டு என்பார். ஈயக் குண்டு எலும்பை நொறுக்குவதோடு நிற்காது, கால்சட்டைத் துணியையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கிருமி என்ற பேச்சே இல்லாத காலம், காத்திருந்தால் சீழ் பிடித்து அழுகும். ஆனால் அடிபட்டவன் கைக்கு வந்தால்தானே உடனே வெட்ட முடியும்? பழைய விதிப்படி மருத்துவ வண்டிகள் படைக்கு நாலைந்து கிலோமீட்டர் பின்னால் நிற்கும், அடிபட்டவர்கள் ஒரு நாளுக்கு மேல்கூட வயலிலேயே கிடப்பார்கள். 1792இல் ரைன் படையில் இதைப் பார்த்துக் கொதித்துப்போய்த்தான் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கிற இடத்துக்கே அனுப்பும் யோசனையை எடுத்தார். எகிப்தில் ஒட்டகத்தின் இரு பக்கமும் பெட்டி கட்டி ஆட்களை ஏற்றினார். யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலில், பதவியும் நாடும் பார்க்கக்கூடாது என்பதும் அவர் வைத்த விதிதான்.

பழம்பஞ்சாங்கம்:
வெட்டித் தள்ளுகிற ஆள் என்று நினைத்தால் 1813 கதையைப் பாருங்கள். ஜெர்மனியில் விரலிலும் உள்ளங்கையிலும் காயத்தோடு இரண்டாயிரத்துக்கும் மேல் இளம் சிப்பாய்கள். சண்டையிலிருந்து நழுவத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று மேலதிகாரிகள் சொல்ல, சிலரையாவது சுட்டுக் கொல்வது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. லாரே ஒவ்வொரு காயமாகப் பார்த்தார். மூன்று வரிசையாக நிற்கும் பயிற்சி போதாத பையன்கள், பின்வரிசைக்காரன் சுடும்போது முன்வரிசைக்காரனின் கை குறுக்கே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒருவன் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை என்று நெப்போலியனிடம் அறிக்கை கொடுத்தார். பேரரசருக்குப் பிடிக்காத பதிலைச் சொல்வதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்! கடைசியில் நெப்போலியனே பரிசு அனுப்பினார்.

உப்புமூட்டை:
ரொம்பவும் தலைக்கு மேல் தூக்காதீர்கள், 200 என்பது அவர் வாயால் சொன்ன கணக்கு. 1807 ஐலாவ் சண்டையின்போது பனியில், உறைந்த காலோடு நெருப்பருகே ஓடினவர்களுக்குத்தான் அழுகல் வந்தது என்று கவனித்தது அருமை. ஆனால் அதற்கு மருந்தாகப் பனியை வைத்துத் தேய்க்கச் சொன்னாரே, அது இன்றைய மருத்துவத்தில் செய்யவே கூடாத காரியம். அவர் பேருக்காகவே பின்னால் வந்தவர்களும் நெடுங்காலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்குருவி:
நன்றி, நிறையத் தெளிந்தது. உடனே வெட்டப்பட்டவர்கள் பிழைத்தார்களா?

கத்தரிக்கோல்:
பலர் பிழைத்தார்கள், எல்லாரும் இல்லை. 1809 மே 22இல் ஆஸ்பெர்ன் சண்டையில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் லானுக்கு இரண்டு முழங்காலிலும் பீரங்கிக் குண்டு. லாரே உடனே ஒரு காலை எடுத்தார். முதல் சில நாள் தேறுவதுபோல் இருந்து, காய்ச்சல் ஏறி மே 31இல் லான் இறந்துவிட்டார். நெப்போலியனின் நெருங்கிய நண்பர், கவனிப்பில் எந்தக் குறையும் இருந்திருக்காது.