சாரதா நடித்த தமிழ் 'துலாபாரம்' முழுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். அடுத்த மாதம் கோவையில் எங்கள் திரைப்பட ரசனை வட்டத்தில் நடிகை சாரதாவைப் பற்றிப் பேச வேண்டும், அதற்குத் தமிழ் 'துலாபாரம்' (1969) முழுதாகக் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன்.

தெனாலிக்காரர், தெலுங்கில் தொடங்கியவர், தமிழில் 'குங்குமம்' செய்தவர், ஆனால் மலையாளம்தான் அவரை உச்சத்தில் உட்கார வைத்தது. மலையாள 'துலாபாரம்' (1968) அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது, அப்புறம் அதே கதை தமிழிலும், தெலுங்கில் 'மனுஷுலு மாராலி'யாகவும், இந்தியில் 'சமாஜ் கோ பதல் டாலோ'வாகவும் வந்தபோது நான்கிலும் அவரே நாயகி. இப்படி வேறு யாருக்கு அமைந்தது? அந்த நீதிமன்றக் காட்சியை நான்கு மொழியிலும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவதுதான் என் திட்டம்.

மற்ற மூன்றும் கையில் இருக்கின்றன. தமிழுக்கு யூடியூபில் தேடினேன், துண்டு துண்டாகப் பாடல்கள்தான் சிக்கின. பழைய விசிடி ஒன்று கிடைத்தது, ஏ.வி.எம். ராஜன் வரும் பகுதியெல்லாம் சரியாக ஓடுகிறது, இரண்டாவது தட்டில் பாதிக்கு மேல் படம் உறைந்து ஒலி மட்டும் வருகிறது, நீதிமன்றம் வருவதற்குள் அதுவும் நின்றுவிடுகிறது. வேறு பிளேயரிலும் கணினியிலும் போட்டுப் பார்த்தாயிற்று, தட்டைத் துடைத்தும் பார்த்தாயிற்று, அதே இடம். டிவி ஒளிபரப்பைப் பதிவு செய்து வைத்திருந்தாலும் போதும், தரம் சுமாராக இருந்தால் பரவாயில்லை.

தமிழ் 'துலாபாரம்' படத்தை நீதிமன்றக் காட்சியோடு முழுதாக எங்கே பார்க்கலாம்?