கேமரா வேண்டாம், கூலி கொடுப்போம்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கக் குழுவுக்குச் சிங்கப்பூர் மதினி போன வாரம் எழுதிய மடலைப் படித்தேன். உப்பளத்தில் வேலை செய்துகொண்டே படமெடுக்கும் மேலத்தெருத் தம்பிக்கு எல்லோரும் சேர்ந்து நல்ல கேமரா ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார். அதற்குள் பதினொரு பேர் ‘நான் தருகிறேன்’ என்று பதில் எழுதிவிட்டார்கள். மதினி கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் இதை எதிர்க்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. ஐந்தாறு வருடங்களுக்கு முன் நம் குழுவில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அவனுக்கு ஒரு வீடியோ கேமரா அனுப்பினார். கேசட் போட்டு எடுக்கிற ரகம். அந்தக் கேசட்டைத் தேடித் தம்பி தூத்துக்குடி, திருநெல்வேலி எல்லாம் அலைந்தான். எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு சங்க அறிக்கையில் ‘இளைஞர் திறன் மேம்பாடு’ என்ற தலைப்பில் நாம் அதைப் போட்டுக்கொண்டோம். அவன் வீட்டில் அது இப்போது பரணில் இருக்கிறது. நானே பார்த்தேன்.

அவனைப் பற்றி முழுதாகத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் அளத்தில் உப்பு வாரியவர். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணை என்ன செய்யும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மற்றதில் நிழலாடுகிறது. அதனால் கல்லூரி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டுவிட்டு, அப்பா வேலை செய்த அதே பாத்திகளில் தம்பி இறங்கினான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் அளத்தில் நிற்பான். மழை விழுந்தால் அளம் மூடிக்கிடக்கும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அடுப்பு எரிவதே பெரிய பாடு. 2022ல் தொடங்கி அரசு அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. குடும்பத்துக்கு 5,000, மாதத்துக்கு அல்ல.

அந்த நான்கு மணி வேலைதான் அவனைப் படமெடுக்க வைத்தது. சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் பாத்திகளில் நிற்கும் தண்ணீர் இளஞ்சிவப்பாக, ஒன்றுக்கொன்று வேறு நிறமாகத் தெரியுமே, நினைவிருக்கிறதா? வேப்பலோடை பஸ்ஸில் போகும்போது நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போன காட்சிதான் அது. அவன் அதைக் கீறல் விழுந்த கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவின் கம்மலை அடகு வைத்து, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற ஒரு கேனான் கேமராவை வாங்கினான். அடகை மீட்க இரண்டு வருடம் ஆனது.

அந்தக் கேமராவில் முதல் மாதம் எடுத்த படங்களில் உப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவன் அம்மா பார்த்துவிட்டு, “இது யார் அளம்? இவ்வளவு அழுக்கு உப்பை எவன் வாங்குவான்?” என்று கேட்டாராம். கேமராவைக் கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான் என்றே தம்பி நினைத்திருக்கிறான். கேமராவில் கோளாறு இல்லை. அதில் இருக்கும் ஒளிமானி, எதிரில் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குப் போடும். எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதன் பேச்சைக் கேட்காமல் வெளிச்சத்தை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்தால்தான் உப்பு உப்பாக வரும். யாரும் சொல்லித்தரவில்லை, பத்து நாள் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். கேமராவை அரிசிப் பானையில் புதைத்து வைப்பதும் அவனாகக் கற்றுக்கொண்டதுதான். நம் கடற்காற்றில் திருகாணிகூடத் துருப்பிடிக்கும், லென்ஸ் எம்மாத்திரம்?

மதுரை ஜவஹர்லால்புரத்துப் பழனிகுமாரை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். மீன் விற்ற அம்மாவின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களைப் படமெடுத்தவர், நம் தூத்துக்குடி அளங்களிலும் எடுத்திருக்கிறார். கிராமத்து வாழ்க்கையைப் பதிவு செய்யும் ‘பாரி’ இணையத்தளத்தில் அவர் படங்களைப் பார்த்த பிறகுதான் உப்பை விட்டுவிட்டு உப்பு வாருகிறவர்களின் முகத்துக்கு வந்ததாகத் தம்பி சொன்னான். உப்பை உப்பாக எடுக்கப் போனால் முகம் இருண்டுபோகிறது, முகத்துக்குப் பார்த்தால் உப்பு வெளுத்துப்போகிறது என்று அதற்கும் ஒரு வருடம் போராடியிருக்கிறான்.

இனி என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

2021ல் என் மகளின் காதணி விழாவுக்கு அவனைத்தான் படமெடுக்கச் சொன்னேன். “நம்ம பையன்தானே” என்று விலையே பேசவில்லை. இரண்டு நாள் நின்று எடுத்தான். போகும்போது ஒரு வேட்டியும் ஆயிரம் ரூபாயும் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பெரிய மனிதன் போலத் தோளில் தட்டியும் கொடுத்தேன். அந்த இரண்டு நாளுக்காகத் தூத்துக்குடியில் அவன் எடுத்த லென்ஸின் வாடகை மட்டும் 1,200 ரூபாய் என்பது மூன்று வருடம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவனிடம் கேட்டால், “அதை விடுங்கள் சித்தப்பா” என்று சிரிக்கிறான்.

போன வருடம் ஒரு நாள் இரவுப் பணியில் இருந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது. “சித்தப்பா, சில்வர் நைட்ரேட்டைக் கையால் தொடலாமா?” என்று கேட்டான். பயந்தே போனேன். நான் சவூதியில் ஜுபைலில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஆய்வகப் பணியில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் எவ்வளவு உப்பு மிச்சம் என்று அளக்க நாங்கள் தினமும் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தத் திரவத்தைத்தான். உப்புத் தண்ணீரில் விழுந்ததும் பால் போல வெள்ளைப் படிவு இறங்கும். அந்தக் குடுவையை ஜன்னல் பக்கம் மறந்து வைத்துவிட்டால் வெள்ளை ஊதாவாகும், பிறகு கறுக்கும். இருபது வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன், குடுவையைக் கழுவ வேண்டுமே என்ற எரிச்சலைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றியதில்லை.

தாளில் படம் பதிக்கும் கலையே அந்தக் கறுப்பிலிருந்துதான் வந்தது என்று அவன் எனக்குச் சொன்னான். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1834ல் தொடங்கி, சாதாரண உப்புத் தண்ணீரில் தாளை நனைத்துக் காயவைத்து, மேலே சில்வர் நைட்ரேட் பூசி, வெயிலில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உப்பு கொஞ்சமாக இருந்தால் தாள் சட்டென்று கறுக்கும், மிகுதியாக இருந்தால் கறுக்க மறுக்கும். எனவே படத்தை உண்டாக்கவும் உப்பு, அது மேலும் கறுக்காமல் நிறுத்தவும் உப்பு என்றுதான் அவர் முதலில் செய்தார். ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி சொல்லித்தந்த ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தும் மருந்து, பிறகுதான் வந்தது. நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 1858ல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவில் எடுத்து, உப்பிட்ட தாளிலும் அச்சிட்டார்.

“அப்படியானால் நம் அளத்து உப்பில் வராதா சித்தப்பா?” என்று கேட்டான்.

வரும் என்றேன். கையுறை போடு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

ஆனி மாத விடுமுறையில் போனபோது நேரிலேயே பார்த்தேன். ஓவியம் வரைகிற கெட்டித் தாளை நனைக்க உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான். நூறுக்கு இரண்டு பங்கு உப்பு. திண்ணையிலிருந்து தடவிக்கொண்டு வந்த அவன் அப்பா தட்டில் விரலை விட்டு நாக்கில் வைத்து, “கடல் தண்ணீரை விடச் சப்பென்று இருக்கிறதே, இதில் எப்படியடா விளையும்?” என்றார். சரியாகச் சொன்னார். கடல்நீரில் நூறுக்கு மூன்றரை இருக்கும். சில்வர் நைட்ரேட் அப்போது பக்கத்திலேயே இல்லை, கவலை வேண்டாம்.

அடுப்படி ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, மங்கலான மஞ்சள் விளக்கில் சில்வர் நைட்ரேட்டைப் பூசினான். அதன் எடையில் நூறுக்கு அறுபத்து மூன்று பங்குக்கு மேல் வெள்ளி, அதனால் ஒரு சொட்டு சிந்தினாலும் அவன் முகம் சுருங்குகிறது. காய்ந்த தாளின் மேல் கண்ணாடித் தாளில் எடுத்த நெகட்டிவ், அதன் மேல் பழைய ஜன்னல் கண்ணாடி, நான்கு பக்கமும் துணிக் கிளிப்பு. மொட்டை மாடியில் வைத்தோம். விளிம்பு முதலில் ஊதாவானது, பிறகு நாவற்பழ நிறம், பிறகு புளியங்கொட்டை நிறம். பன்னிரண்டு நிமிடம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவன் வெயிலில் நின்றான். ஹைப்போவில் கழுவியதும் செம்பழுப்பில் ஒரு முகம் தாளுக்குள்ளிருந்து பார்த்தது. அவன் அப்பாதான். கண் மருத்துவத்துக்குப் போன அன்று காலை எடுத்தது. அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. காய்ந்த பிறகு விரலால் விளிம்பைத் தடவிவிட்டு, “நம் உப்பா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் படம் இப்போது இங்கே என் அறையில் இருக்கிறது. விலை கேட்டேன், சொல்லவில்லை. ஆறாயிரம் கொடுத்தேன். அதில் காதணி விழாப் பாக்கி அடங்காது என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது கேமரா விஷயம். அவனிடம் இருப்பது போதும் என்று அவனே சொல்கிறான். அவனுக்கு இல்லாதது கூலி கிடைக்கிற வேலை. நம் தெருக்களில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படங்களை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் வாக்காளர் அட்டையிலிருந்தோ ரேஷன் அட்டையிலிருந்தோ வெட்டிப் பெரிதாக்கியவை. என் ஆச்சியின் படமும் அப்படித்தான், மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அளத்தில் வேலை செய்து ஓய்ந்த கிழவர், கிழவிகள் நம் ஊரில் இன்னும் நாற்பது பேராவது இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் அவர்கள் சம்மதத்தோடு தம்பி எடுத்து, ஒரு படத்தை அந்த வீட்டுக்கே கொடுக்கட்டும். கேமராவுக்குச் சேர்ந்த பணத்தை இதற்குக் கூலியாகக் கொடுப்போம். தாளுக்கும் மருந்துக்கும் தனிக் கணக்கு. பாதி முன்பணமாக ஐப்பசிக்குள் போக வேண்டும், அளம் மூடுகிற நேரம் அது. பொருளாளர் அண்ணாச்சி இதற்குச் சரி சொன்னால் தம்பியிடம் விலைப்பட்டியல் வாங்கி அனுப்புகிறேன். குறைத்துக் கேட்காதீர்கள்.

கோயில் கொடைக்கும் இந்த முறை அவன் எடுப்பதானால் சம்பளம் பேசித்தான் அழைக்க வேண்டும். அன்று அவனுக்கு மதியச் சாப்பாடு யார் வீட்டில் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். போன கொடையில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நான்கு மணிக்குக் கடைசிப் பந்தியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டிருந்தது.

அன்புடன்,
கீழத்தெருவான்
ஜுபைல்