வரிசைப் போர்வை மாத்திக்கிட்ட அனுபவம் – அடுத்த சுத்து தொடங்க முன்னாடி எல்லாரும் எழுதுங்க

அட்டனிலிருந்து:

போன வருசம் நம்ம மலையகத்து ஊர்கள்ல இருந்து ஆறு பேரு சேர்ந்து வரிசைப் போர்வை தச்சோம்ல, அதுல எனக்கு நடந்தத முதல்ல எழுதிடுறேன். இந்த தடவ புதுசா மூணு பேரு சேர்றேன்னு கேட்டிருக்காங்க, அவங்களுக்கு யாரும் இத முழுசா விளங்கப்படுத்தல.

விசயம் இதுதான். ஒவ்வொருத்தரும் ஒரு வரிசை, அதாவது துண்டுத் துணிகள ஒட்டி ஒரு படம் வர்ற மாதிரி போர்வை அகலத்துக்கு ஒரு பட்டி, தச்சு பெட்டியில வச்சு அடுத்த ஆளுக்கு அனுப்பணும், அவங்க அதுக்குப் பொருத்தமா தங்களோட வரிசை ஒன்ன தச்சு சேர்த்து அதுக்கு அடுத்த ஆளுக்கு அனுப்புவாங்க, இப்படி ஆறு பெட்டியும் ஒரே நேரத்துல சுத்தி வந்து கடைசியில உங்க பெட்டி உங்க கைக்கே வரும்போது ஆறு பேரோட கைவேலையும் அதுக்குள்ள இருக்கும். வரிசைக்கு ஒரு மாசம்னு கணக்குப் போட்டோம், ஆறு மாசத்துல முடியணும். முடிஞ்சது பத்து மாசத்துல.

எனக்கு முதல்ல வந்தது பண்டாரவளை தங்கச்சியோட பெட்டி. தொறந்ததும் அப்படியே உக்காந்துட்டேன். லயம் தச்சிருந்தா, அதான் தேயிலைத் தோட்டத்துல ஒரே கூரைக்குக் கீழ அறை அறையா வரிசையா நிக்கிற வீடு. பத்து காம்பரா, பத்து கதவு, ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு துணியில, தகரக் கூரைக்கு சாம்பல் கலர் கோடு போட்ட சட்டைத் துணி, ஒரு கதவு மட்டும் பாதி தொறந்த மாதிரி உள்ளுக்குள்ள மஞ்சள் துண்டு ஒன்னு. இந்த வேலையில வரிசைக்கு வரிசை தான் அழகு, ஆனா வரிசைன்னா நமக்கு முதல்ல லயம் தானே ஞாபகத்துக்கு வரும், அது ஏன் எனக்குத் தோணலன்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் டேப்ப வச்சு அளந்தேன். நாங்க பேசிக்கிட்டது தச்சு முடிச்சு 60 இன்ச், ரெண்டு ஓரத்துலயும் தையலுக்குக் கால் கால் இன்ச் விட்டு 60½. வந்தது 58க்கும் குறைவு. ரெண்டரை இன்ச்சுக்கு மேல காணோம். திரும்பத் திரும்ப அளந்தேன், டேப் மாத்தி அளந்தேன், அதேதான்.

போன் பண்ணி கேட்டேன். கேக்காம கை வச்சிருக்கலாம், ஆனா இன்னொருத்தர் தச்ச வரிசைய அவங்க சம்மதம் இல்லாம பிரிக்கவோ வெட்டவோ கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன், இந்த தடவ இத முதல் சட்டமா எழுதி வைக்கணும்னே சொல்வேன். அவ "உங்க இஷ்டம் அக்கா, நீங்க எது செஞ்சாலும் சரி"ன்னா. என்கிட்ட பழைய பச்சை சேலை ஒன்னு இருந்துச்சு, அதுல ரெண்டு இன்ச் பட்டி வெட்டி லயத்துக்கு ரெண்டு பக்கமும் வச்சு தச்சு, கொஞ்சம் கூடி வந்தத ஓரத்துல வெட்டி சரியா 60½க்குக் கொண்டுவந்தேன்.

மத்தவங்களும் எழுதுங்க. எது சரியா வந்துச்சு, எது வரலன்னு ஒளிக்காம எழுதுங்க.

பண்டாரவளையிலிருந்து:

அந்த ரெண்டரை இன்ச் என்னோடது தான் அக்கா. ஏன் குறைஞ்சுச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல, பிறகு தான் கண்டுபிடிச்சேன், அதையே எழுதுறேன்.

நான் ஏழு வருசம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துல காமன்ட்ஸ்ல, அதான் உடுப்பு தைக்கிற பேக்டரியில, இருந்தேன். 1978ல தொடங்குன வலயம் அது, எங்க தோட்டத்துல எனக்கு முன்னாடியே எத்தனையோ அக்காமாரு போயிருக்காங்க. அங்க நான் வேலை செஞ்ச தையல் லைன்ல தையலுக்கு விடுற துணி 1 சென்டிமீட்டர். நாள் முழுக்க அதே அளவுல தச்சு தச்சு கண்ண மூடினாலும் கை அந்த அளவுக்குத் தான் போகும். போர்வைக்கு விடுறது கால் இன்ச், அதாவது 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வித்தியாசம் 4 மில்லிமீட்டர் கூட இல்ல, ஆனா ஒரு தையலுக்கு ரெண்டு பக்கத் துணியும் உள்ள போகுது, பத்து காம்பராவ ஒட்ட ஒன்பது தையல், கூட்டிப் பாத்தா ஆறரை சென்டிமீட்டர். அதுதான் அந்த ரெண்டரை இன்ச்.

இப்ப நான் என்ன செய்றேன்னா, ஊசி நேரா இறங்குற இடத்துல இருந்து கால் இன்ச் அளந்து மெஷின் தட்டுல டேப் ஒட்டி வச்சிருக்கேன், துணி ஓரம் அந்த டேப்ப தொட்டுக்கிட்டே போகணும். தைக்க முன்னாடி ஒரு சின்ன சோதனையும் பண்ணுவேன். ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டி வெட்டி ஒட்டித் தச்சு அயன் பண்ணிட்டு நடுப் பட்டிய அளந்தா சரியா 1 இன்ச் வரணும், மொத்தம் 3½. வரலன்னா டேப்ப நகர்த்தணும். பழைய துணி போதும், கால் மணி நேரம் கூட ஆகாது.

கிலோ கணக்குல விக்கிற கட்பீஸ் வாங்குறவங்களுக்கு இன்னொன்னு. மூட்டைக்குள்ள எல்லாம் கலந்து இருக்கும். ஒரு நூல உருவி நெருப்புல காட்டுங்க. பருத்தின்னா கடதாசி எரிஞ்ச வாடை வந்து சாம்பலாகும், பொலியெஸ்டர்னா உருகி முனையில மணி மாதிரி கெட்டியா நிக்கும். உருகுறத போர்வைக்கு எடுக்காதீங்க, சூடா அயன் வச்சா சுருங்கி பக்கத்துல இருக்கிற துணியையும் இழுத்துடும்.

அக்கா, நீங்க வச்ச பச்சைப் பட்டிய பத்தி. போர்வை திரும்பி வந்து விரிச்சப்ப என் லயத்துக்கு ரெண்டு பக்கமும் தேயிலை நின்னுச்சு. எங்க லயம் அப்படித்தான் இருக்கும், கடைசி காம்பராவத் தாண்டினா மலை தான். அளவு சரியா வந்திருந்தா அந்தப் பச்சை வந்திருக்காது.

மஸ்கெலியாவிலிருந்து:

நான் டெய்லர், முப்பது வருசமா சட்டை கவுன் தான். போர்வை இதுதான் முதல் தடவ. என் வரிசை நீங்க பாத்திருப்பீங்க, சிவனொளிபாதமலை ஏறுற பாதையில ராத்திரி லைட்டு எரியுற மாதிரி, கருநீலத் துணியில மஞ்சள் சதுரம் சாய்வா மேல போகும். சீசன் டிசம்பர் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக் வரைக்கும், அந்த லைட்டு வரிசைய பாத்தே வளந்தவன் நான்.

எனக்கு நடந்தது மழையால. ஜூன் மாசம் எங்க பக்கம் துணி காயாதுன்னு எல்லாருக்கும் தெரியும், மூணு நாள் அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போட்டும் கையில ஈரம் தெரிஞ்சுச்சு. தவணை தவறிப்போகுதேன்னு அவசரப்பட்டு பொலித்தீன் பையில கட்டி அனுப்பிட்டேன். போய்ச் சேர பத்து நாள் ஆச்சு. தொறந்தா பூஞ்சணம், ஓரம் முழுக்க கருப்புப் புள்ளி. பெட்டிய வாங்கினவங்க ஒரு வார்த்தை கோவமா பேசல, ஆனா எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. அந்தப் பகுதிய மட்டும் பிரிச்சு வேற துணி வெட்டி நானே போய் தச்சுக் குடுத்துட்டு வந்தேன்.

அதனால சொல்றேன், அயன் சூடு முழுசா ஆறின பிறகு தான் மடிக்கணும், முதல்ல துணிப் பையில போட்டு அதுக்கு மேல பொலித்தீன். ஈரமா இருந்தா ஒரு மாசம் லேட்டானாலும் பரவாயில்ல, அனுப்பாதீங்க.

சாயத்த பத்தியும் ஒன்னு. சிவப்புத் துணிய உப்புத் தண்ணியில ஊறப் போட்டா சாயம் நிக்கும்னு சொல்லுவாங்க, நானும் வருசக்கணக்கா அப்படித்தான் செஞ்சேன், நிக்காது. வெள்ளைத் துணி ஒன்ன நனைச்சு சிவப்புக்கு மேல வச்சு அயன் பண்ணிப் பாருங்க, வெள்ளையில கறை ஏறினா திரும்பத் திரும்ப அலசணும், அப்பவும் ஏறினா அந்தத் துணி வேணாம்.

தலவாக்கலையிலிருந்து:

நான் துணிய பத்தி தான் எழுதணும். எங்க அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது கூடைக் கயித்துக்குக் கீழ தலையில மடிச்சுப் போடுற துணி ஒன்னு இருந்துச்சு. அம்மா பென்சன் எடுத்த பிறகு அத நான் எடுத்து வச்சிருந்தேன். நல்ல கட்டித் துணி தான், ஆனா கயிறு அழுத்துன இடத்துல மட்டும் ஒரு கோடு மாதிரி தேஞ்சு வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியும். அந்தக் கோடு தெரியுற மாதிரி என் வரிசையில வைக்கணும்னு ஆசை. அப்படியே தச்சா கிழிஞ்சிடும், பண்டாரவளை தங்கச்சி தான் சட்டைக் கொலருக்கு ஒட்டுற பியூசிங்ல மெல்லிசா ஒன்ன பின்னால வச்சு அயன் பண்ணச் சொன்னா. பிடிச்சுக்கிச்சு.

மிச்சத்த என் பெட்டியில வச்சு, "எல்லாரும் இதுல கொஞ்சம் எடுத்து உங்க வரிசையில சேருங்க"ன்னு எழுதி அனுப்பினேன். அஞ்சாவது ஆள்கிட்ட போனப்ப ஒன்னும் மிச்சமில்ல. யார் மேலயும் பிழை இல்ல, எவ்வளவுன்னு நான் எழுதல, அன்பா நெனச்சு ஆளாளுக்குக் கொஞ்சம் கூடவே எடுத்துட்டாங்க. கடைசி வரிசையில அம்மா துணி இல்லன்னு பாக்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகும். இனி யாராவது இப்படித் துணி குடுத்தா அனுப்ப முன்னாடியே சரிசமமா வெட்டி சின்னச் சின்னப் பைக்குள்ள போட்டு, ஒவ்வொன்னுலயும் ஊர் பேர எழுதி வைங்க.

பதுளையிலிருந்து:

என் வரிசை தெமோதரை ஒன்பது வளைவு ரயில் பாலம். 1921ல கட்டி முடிச்சது, கல்லு, செங்கல், சீமெந்து தான், இரும்பு இல்லாம நிக்குது, கோச்சியில போகும்போது தலைய வெளிய நீட்டிப் பாக்காத ஆள் கிடையாது. தைக்க உக்காந்தப்ப தான் சிக்கல் விளங்குச்சு, 60ஐ ஒன்பதால வகுத்தா முழுசா வராது. ராத்திரி முழுக்க கொப்பியில கணக்கு. கடைசியில வளைவுக்கு 6 இன்ச், ஒன்பதுக்கு 54, மிச்சம் 6 இன்ச்ச ரெண்டா பிரிச்சு ரெண்டு பக்கமும் 3 இன்ச் மலை. பாலமும் மலையில இருந்து தொடங்கி மலையில தானே முடியுது. வளைவுக்கு மட்டையில அச்சு வெட்டி துணி ஓரத்த அதுக்கு மேல மடிச்சு அயன் பண்ணி கையால தச்சேன். அதனால புதுசா வர்றவங்க படத்த மனசுல வைக்க முன்னாடி 60ஐ எதால வகுக்கப் போறீங்கன்னு பாருங்க, 5, 6, 10, 12 எல்லாம் சுகம்.

இன்னொரு வழியும் இருக்கு. பெட்டி சுத்தாம, ஒவ்வொருத்தரும் தன்னோட வரிசையவே ஆளுக்கு ஒன்னா தச்சு, ஒரு நாள் எல்லாரும் கூடி மாத்திக்கிறது. தபால் செலவு இல்ல, தொலையாது, லேட்டும் ஆகாது. ஆனா ஒன்பது பேருன்னா நான் ஒன்பது பாலம் தைக்கணும், என்னால முடியாது. அதோட பெட்டி வழியில தான் ஒருத்தர் வரிசைய பாத்து அடுத்தவர் யோசிப்பாரு. தலவாக்கலை அக்கா என் பாலத்த பாத்துட்டு தான் பாதம் தச்சாங்க, 2023ல நம்ம ஆளுங்க இங்க வந்து 200 வருசம் ஆனத நினைச்சு மலையகம் 200 நடைபயணம் தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்குப் போச்சே, அத நெனச்சு. பாலத்துக்குக் கீழ சின்னச் சின்னப் பாதம் வரிசையா போகுது. முன்னாடியே பேசி வச்சிருந்தா அது வந்திருக்காது.

அப்புத்தளையிலிருந்து:

நான் புதுசு. துணிய உருட்டி வெட்டுற ரோட்டரி கட்டர் இல்ல, கத்தரி தான். மெஷினும் அம்மம்மாவோட கைமெஷின். போர்வையோட மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவுல வைக்கிற பஞ்சு கிடைக்குமான்னும் தெரியல. சேரலாமா?

அட்டனிலிருந்து:

கட்டாயம் சேரு தங்கச்சி. கைமெஷின்ல தையல் நேரா வரும், வேகம் தான் குறைவு, இதுக்கு வேகம் வேணாம். சோக்கால கோடு போட்டு கத்தரியால வெட்டு, போன தடவ பாதிப் பேரு அப்படித்தான். பஞ்சுக்குப் பதிலா நான் பழைய கம்பளி வச்சேன், அலசி சுருங்க விட்ட பிறகு. பாரம் கொஞ்சம் கூட, ஆனா நம்ம குளிருக்கு அதுதான் நல்லம். கம்பளி மேல மெஷின் ஓடாது, 4 இன்ச்சுக்கு ஒரு முடிச்சா கையால கட்டிட்டேன்.

எல்லாரும் எழுதினத வச்சு நான் யோசிச்சது இது, வேற மாதிரி நினைச்சா சொல்லுங்க. ஒன்பது பேரு ஒரே சுத்துல போனா வருசம் தாண்டிடும், அதனால அஞ்சு பேரு நாலு பேருன்னு ரெண்டு சுத்து. ஆனா அட்டன் பக்கம் தனி, பதுளை பண்டாரவளை அப்புத்தளை இருக்கிற ஊவா பக்கம் தனின்னு பிரிக்க வேணாம், ரெண்டு சுத்துலயும் ரெண்டு பக்க ஆளும் இருக்கணும். பக்கத்து ஊர்க்காரர்கிட்ட துணி மாத்திக்கிறதுக்கு பெட்டி எதுக்கு. மழைக்கு என்ன வழின்னா, எங்க பக்கம் மே கடைசியில பிடிச்சா செப்டெம்பர் வரைக்கும், ஊவா பக்கம் அந்த மாசமெல்லாம் காத்தும் வெயிலும், பிறகு ஒக்டோபர்ல இருந்து அங்க மழை. பெப்ரவரி மார்ச்ல ரெண்டு பக்கமும் வெயில் இருக்கும், துணி எல்லாத்தையும் அப்பவே அலசி காயவச்சு எடுத்து வச்சிடுவோம். சித்திரை வருசப்பிறப்பு முடிய முதல் பெட்டி கிளம்பட்டும். வரிசைக்கு ஒன்றரை மாசம், ஒரு மாசம் பத்தல. உயரம் 6ல இருந்து 12 இன்ச்சுக்குள்ள அவரவர் விருப்பம்.

டேப்புக்கு டேப் வித்தியாசம் இருக்கு, என்கிட்ட இருக்கிற ரெண்டுலயே 60 இன்ச்சுல ஒரு நூல் வித்தியாசம் காட்டுது. அதனால நீட்டத்துல இழுபடாத கெட்டித் துணியில 60½ இன்ச்சுக்கு ஒன்பது பட்டி ஒரே அளவா வெட்டி நடுவுல கோடு போட்டு வைக்கிறேன், ஆளுக்கு ஒன்னு வரும், எல்லாரும் அதுலயே அளங்க. தலவாக்கலை அக்கா, அம்மா துணியில விரல் அகலம் இருந்தாலும் போதும், இருந்தா அனுப்புங்க, உங்க போர்வையோட கடைசி வரிசை நான் தச்சது தான், அதுல எந்த இடத்துல வைக்கலாம்னு பாத்து வச்சிருக்கேன்.