மாநகராட்சிப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காடு: உள்ளிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற கணித ஆசிரியை, வடசென்னை

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு மே மாதமும் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டை மாநில விழுக்காட்டோடு ஒப்பிட்டு, அங்கே ஆசிரியர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் பலர். 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடாக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளிகள் 87 விழுக்காட்டை ஒட்டியே நின்றன. அந்த இடைவெளி உண்மை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இவற்றோடு முதல் பாடத்திலிருந்து கார்ட்டீசியன் பெருக்கல் போன்ற இரண்டு மதிப்பெண் வினாக்கள் மூன்றைச் சரியாக எழுதிவிட்டால் 35 தாண்டிவிடும். எனவே திருப்புதல் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல் தயாராகும். மாலைச் சிறப்பு வகுப்பில் அந்தப் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து, வடிவொத்த முக்கோணத்தையும் தொடுகோட்டையும் கை பழகும்வரை வரைய வைப்போம். காம்பஸின் முனை தாளில் நிற்காமல் வழுக்க, தொடங்கிய இடத்தில் வட்டம் வந்து சேராமல் போக, அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குச் சொந்தமாகக் காம்பஸே கிடையாது என்பதால் ஆசிரியர்களே வாங்கி அலமாரியில் வைத்திருந்தோம்.

இவ்வாறு தேர்ச்சி பெறும் பிள்ளைக்கு இயற்கணிதம் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பதினொன்றாம் வகுப்பில் அந்தக் குறை தெரியத்தான் செய்யும். ஆயினும் சிறப்பு வகுப்புக்கு ஒழுங்காக வந்த பிள்ளை தோற்றது மிக அரிது. தோற்றவர்கள் பெரும்பாலும் வராதவர்களே. காசிமேட்டில் விடியற்காலை வேலைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வகுப்பில் கண் சொருகியவர்களும், தாய் வேலைக்குப் போவதால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு விழுக்காடு காட்டியாக வேண்டும் என்பதற்காக, தேறமாட்டார்கள் என்று கருதிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் எங்களிடம்தான் வருவார்கள், நாங்களும் மறுக்காமல் சேர்த்துக்கொள்வோம். இரண்டு பள்ளிகளின் விழுக்காட்டையும் அருகருகே வைத்து எடை போடுவது எந்த வகையில் நியாயம்?

முன்னாள் மாணவர், பெரும்பாக்கம்

டீச்சர் எழுதியதில் 'வராதவர்கள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன், ஏனென்றால் என் வகுப்பில் பலர் வராமற்போனதன் காரணம் எனக்குத் தெரியும். 2017இல் நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, கல்வியாண்டின் நடுவிலேயே கூவம் கரையில் இருந்த எங்கள் வீடுகளை அகற்றி எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் பழைய பள்ளியிலிருந்து போய்விட்டதால், தேர்வையும் அங்கேயே எழுத வேண்டியிருந்தது. விடியுமுன் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, முதல் பாடவேளை பாதி முடிந்த பிறகே வகுப்புக்குள் நுழைவோம். தலைமையாசிரியர் ஒருநாளும் எங்களை வெளியே நிறுத்தியதில்லை. தாமதமாக வருபவர்களுக்காக முதல் பாடவேளையில் நடத்தியதை மதிய இடைவேளையில் மீண்டும் நடத்தச் சொன்னவரும் அவர்தான். மாலைச் சிறப்பு வகுப்புக்கு மட்டும் எங்களால் இருக்க முடியவில்லை, இருந்தால் வீடு சேர இரவு ஒன்பதாகிவிடும்.

நான் தேறிவிட்டேன். என்னோடு பேருந்தில் வந்தவர்களில் சிலர் பொங்கலுக்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் தோல்வி அடைந்தவர்களின் கணக்கில்கூட இல்லை. தேர்வெழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைத்தான் தேர்ச்சி விழுக்காடு சொல்கிறது. தேர்வுக்கே வராதவர் அந்தக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்ற செய்தி வந்தபோது பலரும் அதிர்ந்தார்கள். எனக்கு அவர்களில் சிலரின் முகம் தெரிந்ததுபோல் இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஒரு மாணவியின் தாய்

தம்பி எழுதியதைப் படித்தபின் என் மகளின் பள்ளியில் கண்டதையும் சொல்லத் தோன்றியது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்ததிலிருந்து, உயிரியல் பிரிவு வேண்டும் என்று கேட்டு வரும் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதால், பன்னிரண்டோடு நிறுத்திவிடலாம் என்றிருந்த வீடுகளிலும் பேச்சு மாறியிருக்கிறது. ஆனால் அதெல்லாம் பன்னிரண்டைத் தாண்டியவர்களுக்குக் கிடைப்பது. தாண்டும்வரை தாங்கிப் பிடிக்க என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துக் காட்டிய நகரம் இது. இன்று காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை காலைச் சிறப்பு வகுப்புக்கு வெறும் வயிற்றோடு வருகிறது. ஆசிரியர்களே ரொட்டி வாங்கித் தருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஆனால் எத்தனை நாளைக்கு அவர்கள் கைக்காசில் அது நடக்கும்?

சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் எத்தனை, மார்ச்சில் தேர்வெழுதியவர்கள் எத்தனை என்ற இரண்டு எண்களையும் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும் என்று கேட்டேன். தலைமையாசிரியை ஒப்புக்கொண்டு தீர்மான நோட்டில் பதிவு செய்திருக்கிறார். உங்கள் பகுதிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களும் இதையே கேட்டுப் பாருங்கள்.