இண்டிபெண்டன்ஸ்: எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் புறப்படும் ஊர்

லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து மாமத் பனிமலைக்குப் போகிற நம் ஆட்கள் எல்லோரும் 395ஆம் நெடுஞ்சாலையில் இண்டிபெண்டன்ஸ் என்ற இந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை வரும், தூண்கள் வைத்த கோர்ட் கட்டடம் வரும், அதற்குள் ஊர் முடிந்துவிடும். மொத்தம் 600 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆனால் 1866இல் இருந்து கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) இதுதான் தலைநகர். கவுண்டியின் பரப்பு தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, மக்கள் தொகை 19,000 மட்டும். 4,421 மீட்டர் உயர விட்னி சிகரமும், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புவெளியும் இதே கவுண்டிக்குள்தான்.

அம்மா தேனியில் இருந்து வந்திருந்தபோது, கடந்து போகாமல் அங்கேயே தங்கினோம். மேற்கே சியரா நெவாடா நேர்ச்சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. ஊர் 1,200 மீட்டர் உயரத்தில், கண்ணெதிரே வில்லியம்சன் சிகரம் 4,383 மீட்டரில். கிழக்கே இன்யோ மலை, காய்ந்து பழுப்பாக. பசிபிக்கில் இருந்து வரும் ஈரத்தை எல்லாம் சியரா தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்வதால் ஊருக்குள் வருடத்துக்கு 13 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிகம். கோடையில் பகலில் 37, 38 டிகிரி, குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே. காற்று வீச ஆரம்பித்தால் கார்க் கதவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "மழை அந்தப் பக்கம், வெயில் இந்தப் பக்கம். நம்ம கம்பம் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டார்.

அங்கே ஈஸ்டர்ன் கலிபோர்னியா மியூசியம் என்று சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட், ஷோஷோனி மக்கள் பின்னிய கூடைகளைப் பார்க்கவே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். அங்கிருந்த பெரியவர் எங்கே வசிக்கிறோம் என்று கேட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் நார்த்ரிட்ஜ் என்றேன். "அப்படியானால் நீங்கள் குடிப்பது எங்கள் தண்ணீர்" என்றார். குரலில் கோபம் இல்லை. எங்களை உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னார்.

சியராவின் பனி உருகி ஓவன்ஸ் ஆற்றில் சேருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இங்கே நிலங்களையும் நீருரிமையையும் வாங்கிக் குவித்து, 1913இல் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயைத் திறந்தது. பம்பு கிடையாது, சரிவிலேயே ஓடிப் போகிறது. தண்ணீரைத் திருப்பும் இடம் இந்த ஊருக்குக் கொஞ்சம் வடக்கேதான். 1920களின் பாதிக்குள் ஓவன்ஸ் ஏரி வற்றிப்போய், அதன் படுகை புழுதி கிளப்பும் உப்புத்தரை ஆனது. 1924 மே மாதம் உள்ளூர்க்காரர்கள் கால்வாயை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். நவம்பரில் விவசாயிகள் கால்வாயின் 'அலபாமா' என்ற மதகைக் கைப்பற்றி, தண்ணீரைப் பழைய ஆற்றுப்பாதையிலேயே திருப்பிவிட்டு, நான்கு நாள் அங்கேயே குடும்பத்தோடு இருந்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் தப்பு. கவுண்டியில் தனியார் கையில் இருக்கும் நிலம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மற்றது பெரும்பாலும் மத்திய அரசு, இல்லையென்றால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். வீடு கட்ட மனை கிடையாது, பிள்ளைகள் வெளியூர் போய்விடுகிறார்கள். பெரிய கடைக்குப் போக வேண்டுமென்றால் பிஷப் என்ற ஊர் வரை 65 கிலோமீட்டர். நிலத்தடி நீரையும் நகரம் உறிஞ்சியபோது கவுண்டி 1972இல் வழக்குப் போட்டது, 1991இல் ஒப்பந்தம் வந்தது. வற்றிக் கிடந்த கீழ் ஓவன்ஸ் ஆற்றில் 2006 டிசம்பரில்தான் மறுபடி தண்ணீர் விட்டார்கள். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டருக்கு இப்போது நாணலும் பறவையுமாக இருக்கிறது. இவ்வளவு சின்ன ஊரில் இருந்து கவுண்டி தனக்கென்று ஒரு நீர்த்துறை அலுவலகம் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய நகரத்தோடு கணக்குப் பேசுகிறது. எனக்கு அந்த ஊர் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் பல வீடுகளில் பென்னிகுவிக் படம் மாட்டியிருப்பார்கள். 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலைச் சுரங்கம் வழியாக வந்த பிறகுதான் எங்கள் வயல்கள் நிலைத்தன. தண்ணீர் வந்த பக்கத்துக் கதையைக் கேட்டே வளர்ந்தவர், போன பக்கத்தின் கதையை அன்றுதான் ஒருவர் வாயால் கேட்டார். நான் மொழிபெயர்க்க, பெரியவரிடம் நிறைய கேள்வி கேட்டார்: கிணறு எத்தனை அடி, இங்கே இருந்த ஆப்பிள் மரங்களை யார் வெட்டினார்கள், வாங்கிய நிலத்துக்கு நியாயமான விலை கொடுத்தார்களா. எல்லாவற்றுக்கும் பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஊருக்கு வடக்கே ஃபோர்ட் இண்டிபெண்டன்ஸ் பையூட் மக்களின் நிலம். அங்கே ஒரு பாட்டி கிழக்கு மலை முகட்டில் தனியாக நிற்கும் கல்தூணைக் காட்டினார். வின்னடுமா என்று பெயர், கல்லாகிப்போன மனிதர் என்பது அவர்கள் கதை. வெள்ளையர் வருவதற்கு முன்பே அவருடைய முன்னோர்கள் வாய்க்கால் வெட்டி இந்தப் பள்ளத்தாக்கில் பாசனம் செய்திருக்கிறார்கள். 1862 ஜூலை 4 அன்று ராணுவ முகாம் அமைத்ததால்தான் இந்த ஊருக்கு 'சுதந்திரம்' என்று பெயரே. அடுத்த ஆண்டே ஏறக்குறைய 1,000 பையூட் மக்களைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். பலர் திரும்பி வந்தார்கள். பாட்டி அப்படித் திரும்பி வந்தவர்களின் வம்சம்.

தெற்கே 10 கிலோமீட்டரில் மன்சனார். இரண்டாம் உலகப் போரின்போது 10,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம். பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள். 1943இல் அவர்களே கட்டிய வெள்ளை நினைவுத்தூணின் அடியில் காகிதக் கொக்குகள் கட்டித் தொங்கவிட்டிருந்தன. அம்மா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பானிய அமெரிக்கர் அதைப் பார்த்துவிட்டு வந்து, தன் அக்கா இந்த முகாமில் பிறந்தவர் என்று சொன்னார்.

போகிறவர்களுக்கு: ஊரில் இருந்து மேற்கே ஆனியன் வேலி (Onion Valley) என்ற மலைப்பள்ளத்தாக்குக்கு ஏறும் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும், பெரும்பாலும் மே மாதம் திறப்பார்கள். மேலே 2,800 மீட்டர், அங்கிருந்து கியர்சார்ஜ் கணவாய்க்கு நடைபாதை. ஜூனில் பசிபிக் க்ரெஸ்ட் என்ற நெடுந்தூர மலைநடைப் பாதையில் வரும் நடைப்பயணிகள் சாப்பாடு வாங்க இறங்கி வருவார்கள், சாலையோரம் கை காட்டினால் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஏற்றிய பெண் அம்மா கொடுத்த புளிசாதத்தை டப்பாவோடு வாங்கிக்கொண்டார். மன்சனார் நினைவு யாத்திரை வழக்கமாக ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. இதே கவுண்டியில் இருக்கும் பிக் பைன், கீலர் ஊர்கள் பக்கம் தங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்த ஊர் மனிதர்களைப் பற்றியும் எழுதுங்கள்.